திருகோணமலை: வந்தவர்களும் பிறந்தவர்களும்

வெள்ளி

பிரெட்ரிக் கோட்டைக்குள் போகிறவர்களில் பெரும்பாலானோர் கோணேசர் கோவிலுக்குத்தான் போகிறார்கள். கையில் அர்ச்சனைத் தட்டு, பின்னால் பிள்ளைகள், வழியெல்லாம் புள்ளிமான்கள். வாசலின் நிலைக்கல்லை நின்று பார்ப்பவர்கள் குறைவு. மாமா என்னை அங்கேயே மறித்தார்.

"பிள்ளை, முதல்ல இந்த மீனைப் பார். பிறகு மேல போவம்."

கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது. கூடவே சிதைந்த தமிழ் எழுத்துகள். "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும் பாட்டு அது. கீழ்ப்பகுதி தேய்ந்துவிட்டது. திருகோணமலையில் பிறந்த யாரைக் கேட்டாலும் மிச்சத்தை வாயால் சொல்லி முடிப்பார்கள். குளக்கோட்டன் கோவிலைக் கட்டினான், கந்தளாய்க் குளத்தையும் கட்டினான் என்று 'கோணேசர் கல்வெட்டு' என்ற பழைய நூல் சொல்கிறது. அவன் எந்த நூற்றாண்டுக்காரன் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் கோவிலைப் பிரித்த பறங்கி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவன் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா.

1622ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில், சுவாமி ஊர்வலமாக ஊருக்குள் எழுந்தருளியிருந்த நேரம், பிராமணர் வேடம் போட்ட படைவீரர்கள் கோவிலுக்குள் புகுந்தார்கள் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மலையில் மூன்று கோவில்கள் இருந்ததாகப் போர்த்துக்கேயக் குறிப்புகள் சொல்கின்றன. இடித்த கல்லைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். பாட்டு செதுக்கிய கல்லும் அப்படித்தான் வாசலில் வந்து நிற்கிறது. டி சா 1630இல் ஊவாவில், ரந்தெனிவலைப் போரில் கண்டிப் படையிடம் மாண்டான். கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். இத்தனை கை மாறியும் அந்தக் கல்லை யாரும் பெயர்த்து எறியவில்லை. ஏன் விட்டுவைத்தார்கள் என்று யோசித்தபடியே மலை ஏறினேன்.

போகும் வழியில் ஒரு பழைய வீட்டுக்கு வெலிங்டன் வீடு என்று பெயர். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெலிங்டன் பிரபு என்று பெயர் பெற்ற ஆதர் வெல்லெஸ்லி 1800இல் படையோடு இங்கே தங்கியிருந்தார். பிறகு பம்பாய் போனவர் அங்கே காய்ச்சலில் விழுந்தார். அவர் ஏறவேண்டிய கப்பல் அவர் இல்லாமலே புறப்பட்டு செங்கடலில் ஆட்களோடு மூழ்கியது. ஐரோப்பாவின் வரலாறு ஒரு காய்ச்சலில் தப்பியது என்று சொல்லலாம். ஆனால் அந்த வீட்டுக்கு முன்னால் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நாள் தங்கியவர், போய்விட்டார்.

மேலே, கோவில் வெளிப்பிரகாரத்தில் காற்று சேலையை இழுக்கிறது. கீழே இராவணன் வெட்டு. அந்தப் பிளவுக்குள் அலை வந்து மோதி வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சம்பந்தர் இந்த மலைக்கு வரவில்லை. இராமேஸ்வரக் கரையில் நின்றே கோணமாமலையைப் பாடினார் என்பது மரபு. ஏழாம் நூற்றாண்டு. மாமா கண்ணை மூடிக்கொண்டு புறநீர்மைப் பண்ணில் முணுமுணுத்தார்: "குரைகடல் ஓத நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே." அதே பதிகத்தில் இன்னொரு இடத்தில் "குடிதனை நெருங்கிப் பெருக்கமாய்த் தோன்றும்" என்கிறார். முத்தைச் சுமந்து வரும் கடல், நெருங்கி நெருங்கி வீடுகள், பெருகிக்கொண்டிருக்கும் ஊர். அக்கரையில் நின்ற ஒருவருக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது என்றால், இரண்டு கரைக்கும் இடையில் தோணியும் ஆளும் பேச்சும் எவ்வளவு ஓடியிருக்க வேண்டும்! இராமேஸ்வரத்திலிருந்து வடக்கே சுற்றிக் கிழக்குக் கரைக்கு வரும் அந்தக் கடல்வழியை வரைபடத்தில் விரலால் தொட்டுப் பாருங்கள். சின்ன வழி இல்லை.

கோவில் திரும்பி வந்த கதையும் இந்தக் கல்லுக்குள்ளும் கடலுக்குள்ளும்தான் இருக்கிறது. 1950இல் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், பார்வதி, சந்திரசேகரர் செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. இடிப்பு நடந்த காலத்தில் யாரோ கோவில்காரர்கள் அவசர அவசரமாகப் புதைத்துவைத்தவை என்று கருதப்படுகிறது. அவர்களின் பெயர் எதிலும் இல்லை. 1956இல் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கித் தேடி, தூண்களும் செதுக்கல் கற்களும் கிடப்பதைக் கண்டார்கள். கிளார்க்கின் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வில்சன்தான் பெரிய ஆச்சரியம். இங்கிலாந்திலிருந்து வந்த சுழியோடி, படம் எடுத்தவர், கடைசியில் கதிர்காமக் கந்தனின் அடியாராகி சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு வாழ்ந்தார். இந்தக் கடலடியில் அவர் கண்டது அவருக்குள் என்ன செய்தது என்று அவரே சொன்னால்தான் உண்டு. ஆனால் கடலுக்குள் இறங்கிய ஆளும் காவி கட்டிய ஆளும் ஒருவரே என்பதை நினைத்துக்கொண்டு அந்த விளிம்பில் நின்று கீழே பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது.

சனி

மூதூர். முன்பெல்லாம் பட்டணத்து இறங்குதுறையிலிருந்து லோஞ்சில் குடாவைக் கடந்து போவார்கள். இப்போது கிண்ணியாப் பாலம் வந்தபிறகு பஸ்ஸில் சுற்றிப் போய்விடலாம். மாமாவுக்கு லோஞ்ச் போனது கவலை. எனக்குப் பாலத்தின் மேல் ஜன்னலோரம் இருந்து குடாவைப் பார்ப்பதே போதும்.

ஊரில் இறங்கி ஒரு தேத்தண்ணிக் கடையில் வெள்ளைக்காரன் மரத்துக்கு வழி கேட்டோம். கடைக்கார நானா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "வெள்ளைக்காரன் மரமா? மரம் எங்க இப்ப இரிக்கி, கல்லுதான் இரிக்கி. இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க புள்ள." தேத்தண்ணியோடு எருமைத் தயிரும் சீனியும் வந்தது. தயிர்ச்சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது, அவ்வளவு கட்டி. கொட்டியாரக் குடாவின் இந்தக் கரை, மகாவலி கடலில் சேரும் கரை. எருமையும் நெல்லும் இருக்கும் ஊருக்குத் தயிர் இப்படித்தான் இருக்கும்.

அந்தக் கல் 1893இல் நட்டது. றொபேட் நொக்ஸ் 1660இல் இங்கே பிடிபட்டார், கண்டி அரசனிடம் 19 ஆண்டு கைதியாக இருந்தார் என்கிறது. கதை அதைவிட எவ்வளவோ பெரியது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்ற கப்பல் 1659 நவம்பரில் சோழமண்டலக் கரையோரம் புயலில் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் போடவும் துணி விற்கவும் கொட்டியாரம் வந்தது. கப்டன், நொக்ஸின் தகப்பன், அவர் பெயரும் றொபேட் நொக்ஸ்தான். புளியமரத்தின் கீழ் அமர்ந்திருந்தவரை இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்தார்கள். மகனோடும் மாலுமிகளோடும் சேர்த்துப் பதினாறு பேர். மகனுக்கு வயது 19.

கண்டி நாட்டுக் கிராமமொன்றில் தகப்பனும் மகனும் காய்ச்சலில் கிடந்தார்கள். 1661 பெப்ரவரியில் தகப்பன் இறந்தார். உதவிக்கு ஒருவரைக் கூலிக்குப் பிடித்தான் மகன். ஆனால் புதைகுழியின் பெரும்பகுதியைத் தன் கையாலேயே தோண்டினான். அதற்குப் பிறகு அந்த இளைஞன் தொப்பி பின்னினான், கோழியும் பன்றியும் வளர்த்தான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். ஒருநாள் வழியால் போன ஒரு முதியவரின் கையில் ஆங்கில விவிலியம் ஒன்றைக் கண்டான். தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டான். எனக்கு இந்த இடம்தான் நொக்ஸ். அரசன், சிறை, தப்பியோட்டம் எல்லாம் பிறகு. சொந்த மொழியில் ஒரு விவிலியம் கண்ணில் படாமல் வாடிக்கொண்டிருந்த ஒரு பையன், கையில் நூலும் ஊசியும்.

பிறகு சில்லறை வியாபாரி வேடம் போட்டுக்கொண்டு வடக்கே வடக்கே போய் வழி பார்த்தார்கள், அவரும் ஸ்டீபன் ரட்லண்டும். 1679 ஒக்ரோபரில் மல்வத்து ஓயாக் காட்டு வழியால் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். ஊர் திரும்பும் கப்பலிலேயே எழுதத் தொடங்கிய குறிப்புகள் 1681இல் இலண்டனில் புத்தகமாக வந்தன. விஞ்ஞானி றொபேட் ஹூக் முன்னுரை எழுதினார். ஏர் எப்படிப் பூட்டுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், அரசனுக்கு முன்னால் எப்படி விழுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிற்காலத்தில் டானியல் டிபோ ரொபின்சன் குரூசோவை எழுதியபோது இந்தக் கதையும் அவர் மனதில் இருந்தது என்பது பலர் ஒப்புக்கொண்ட செய்தி.

"அவன் எங்கட ஊர்ல எத்தின நாள் இரிந்தான்?" என்று நானா கேட்டார். கொஞ்ச நாள்தான் என்றேன். "அப்ப அந்தக் கொஞ்ச நாளுக்கு ஒரு கல்லு!" என்று சிரித்துவிட்டு, தயிருக்குக் காசு வாங்க மறுத்தார். மாமா வற்புறுத்திக் கொடுத்தார்.

நானா சொன்ன வார்த்தை பஸ்ஸில் வரும்போது முழுக்க என்னோடு வந்தது.

ஞாயிறு

எஸ்பிளனேட் அருகே இருக்கும் பழைய சேமக்காலைக்குப் போனோம். காலை எட்டு மணிக்கே வெயில். புல்லுக்குள் தேடித்தான் கல்லறைகளைப் படிக்கவேண்டும்.

றியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரின் இங்கே அடக்கம். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் கடைசித் தம்பி. 1852 ஒக்ரோபரில், இரண்டாவது பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் கொலரா கண்டு இறந்தார். வயது 73. அக்கா இறந்து முப்பத்தைந்து வருடம். அந்த வயதிலும் ஆற்றுப் படகில் போருக்குப் போயிருக்கிறார்.

அதே சேமக்காலையில்தான் பேர்சி மோல்ஸ்வேர்த்தும் இருக்கிறார். அவர் பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? 1867இல் கொழும்பில் பிறந்தவர், இராணுவப் பொறியியலாளர். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வானம் பார்த்தார். பன்னிரண்டரை அங்குலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கியைத் திருகோணமலையில் நிறுத்தி வியாழனின் பட்டைகளையும் புள்ளிகளையும் இரவிரவாக வரைந்தார், நேரம் குறித்தார். இலண்டனில் கிரகங்கள் பல மாதம் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து நிற்கும், மங்கித் தெரியும். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கும் நமது ஊரில் அவை தலைக்கு மேலே ஏறும். இடையில் காற்று குறைவு, உருவம் துலக்கமாக நிற்கும். இந்த ஊரின் இருப்பிடமே அவருக்குக் கருவி. 1901இல் வியாழனின் தென்பகுதியில் ஒரு பெரிய குழப்பப் பட்டையை அவர் கண்டுபிடித்தார். அது முப்பது வருடத்துக்கு மேல் கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. 1908 நத்தார் நாளில் இங்கேயே இறந்தார், நாற்பத்தொரு வயது. செவ்வாயில் ஒரு பெரிய பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். துறைமுகத்தைப் பார்க்க வந்தவர்கள் நிறைய. இங்கிருந்து மேலே பார்த்தவர் இவர். பாடசாலைப் பிள்ளைகளை இங்கே அழைத்து வந்து இந்தக் கதையைச் சொன்னால் எப்படியிருக்கும்!

மாலையில் உவர்மலைப் பக்கம் நின்று துறைமுகத்தைப் பார்த்தோம். 1782 செப்ரெம்பர் 3இல் பிரெஞ்சு அட்மிரல் சுப்ரனும் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸும் வெளிக்கடலில் மோதினார்கள். ஊர் பெயரில் ஒரு போர்க்கப்பலும் இருக்கிறது. பம்பாயில் பார்சி வாடியா குடும்பத்துக் கப்பற்கட்டுநர்கள் மலையாளத் தேக்கில் கட்டி 1817இல் தண்ணீரில் இறக்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் மிதக்கிறது. இரு நூறு வருடம் தாங்கிய தேக்கும் அதை அறுத்துப் பொருத்திய பம்பாய்த் தச்சர்களின் கையும்தான் எனக்குப் பெரிது. சண்டைக் கதையை மாமாவிடமே விட்டுவிட்டேன்.

திங்கள்

புல்மோட்டை பஸ். நிலாவெளி, குச்சவெளி தாண்டித் திரியாய். மலையில் ஏறினால், நடுவில் தாதுகோபம் என்ற பௌத்தத் தூபி, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கல்தூண்கள், கீழே வயலும் காடும், தூரத்தில் கடல். தூண் வட்டத்துக்குள் நடக்கும்போது வெயில் மறந்துவிடுகிறது.

புத்தர் ஞானம் பெற்று சில வாரங்களில் அவருக்கு முதலில் உணவு கொடுத்தவர்கள் இரண்டு வியாபாரிகள் என்கிறது பௌத்த மரபு. தபஸ்ஸு, பல்லுகன். அரிசிப் பலகாரமும் தேனும் கொடுத்தார்கள், பதிலுக்குப் புத்தரின் தலைமயிரைப் பெற்றார்கள். அந்த மயிரை வைத்துக் கட்டியது இந்தத் தாதுகோபம் என்று இங்கே நம்பிக்கை. பர்மியர்களும் தங்கள் ஷ்வேடகோன் தூபியைப் பற்றி அதையே சொல்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டளவில் பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் பாறையில் வெட்டிய கல்வெட்டு அந்த இரண்டு பெயர்களையும் வணிகர் கூட்டத்தோடு சேர்த்துச் சொல்கிறது. கல்வெட்டை அடுத்துக் குனிந்து பார்த்தேன். எழுத்து மழையில் தேய்ந்து பாறையின் நிறத்தோடு கலந்து கிடக்கிறது. பக்கவாட்டாக வெயில் விழும் நேரம்தான் வளைவுகள் எழும்புகின்றன. காஞ்சிப் பக்கத்தில் பழகிய அதே எழுத்து மரபு. அரசர் பெயர் பொறித்த கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, கடலோடி வந்த வணிகரின் பெயரை ஒரு மலை சுமப்பது பிடித்திருக்கிறது.

திரும்பி வரும்போது இன்னொரு வணிகக் கதை. 1620இல் டென்மார்க்கின் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்கள் திருகோணமலையில் வந்து நின்றன. தலைவன் ஓவே ஜெட்டே, வயது இருபத்தைந்து. கண்டி அரசன் செனரத்தோடு செய்துகொண்ட ஏற்பாடு நிலைக்கவில்லை. அதே வருடம் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்று அங்கே குடியேறினார்கள். 1706இல் அந்தத் தரங்கம்பாடிக்குத்தான் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் வந்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அங்கே அச்சேறியது. ஜெட்டேயின் ஆட்கள் இங்கேயே நிலைத்திருந்தால் அந்த அச்சுக்கூடம் இந்தக் குடாவின் கரையில் எழுந்திருக்குமோ என்ற நினைப்பு என்னை விடவில்லை. தமிழ்ப் புத்தகம் என்றதும் மனம் நாளைக்குத் தாவியது.

செவ்வாய்

நான் இந்த ஊருக்கு வந்ததே இவருக்காக. தி. த. சரவணமுத்துப்பிள்ளை.

1865இல் திருகோணமலையில் பிறந்தார். சென்னைக்குப் போய்ப் படித்தார், அங்கே கீழைத்தேச ஓலைச்சுவடி நூலகத்தில் வேலை செய்தார். 1892இல் 'தத்தை விடு தூது' எழுதினார். தூது என்றால் தலைவன் புகழும் தலைவியின் ஏக்கமும் என்று பழகிய தமிழில், கிளியைத் தூது விட்டுப் பெண்ணின் அடிமைநிலையைக் கேள்வி கேட்டார். 1895இல் 'மோகனாங்கி' வந்தது. மதுரைச் சொக்கநாத நாயக்கனையும் தஞ்சை இளவரசியையும் வைத்து எழுதியது, தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இலக்கிய வரலாற்றாளர் சொல்லும் புத்தகம். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் வந்து பதினாறே வருடம். நாவல் என்றால் என்ன என்றே தமிழர் பழகிக்கொண்டிருந்த காலத்தில், சுவடிக் கட்டுகளுக்கு நடுவில் இருந்த ஒரு திருகோணமலைக்காரர் நாயக்கர் காலத்தைக் கதைக்குள் கொண்டுவந்தார். 1902இல் முப்பத்தேழு வயதில் இறந்துவிட்டார். அண்ணன் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் சென்னையில் தமிழ்ப் பதிப்புப் பணி செய்தவர், கம்பராமாயணப் பாலகாண்டத்தைப் பதிப்பித்தவர்.

காலையில் பத்திரகாளி அம்மன் கோவிலடியில் தொடங்கி மாமாவும் நானும் நடந்தோம். திருஞானசம்பந்தர் வீதி இருக்கிறது, அக்கரையில் நின்று பாடியவருக்கு இக்கரையில் ஒரு வீதி, அது மனதுக்கு நிறைவு. பூக்கடை அக்காவிடம் கேட்டேன், ஓட்டோக்காரத் தம்பியிடம் கேட்டேன், புத்தகக் கடையில் கேட்டேன். வெலிங்டன் வீடு எல்லோருக்கும் தெரிகிறது. சரவணமுத்துப்பிள்ளையைக் கேட்டால் "எந்த இடத்துச் சரவணமுத்து?" என்றார்கள். புத்தகக் கடைக்காரர் மட்டும், "மோகனாங்கி எழுதினவரோ? பேர் தெரியும் பிள்ளை, வாசிக்கேல்ல" என்றார்.

கல்லூரி வீதியால் வரும்போது மாமா விபுலாநந்த அடிகளின் கதையை எடுத்தார். காரைதீவில் பிறந்த அடிகள் இந்த ஊரின் இந்துக் கல்லூரியில் தலைமை ஏற்றுப் படிப்பித்தவர். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழரின் யாழைப் பல வருடம் தேடி ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார், அடுத்த மாதமே மறைந்தார். அடிகளின் பெயர் ஊருக்கு மறக்கவில்லை. படம் இருக்கிறது, விழா இருக்கிறது. அப்படியென்றால் நினைவு வைக்கத் தெரியாத ஊர் இல்லை இது. சரவணமுத்துப்பிள்ளைக்கும் வைக்கலாம்.

மாமாவிடம் சொன்னேன், ஒரு கல் நடுவதைவிட இந்த வருடமே இங்கே ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து மோகனாங்கியின் முதல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று. மொழிநடை பழையது, வடசொல் நிறைய, முதலில் தடக்கும். வாசித்துக் காட்ட ஒரு ஆள் இருந்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். மாமா தனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியையின் வீட்டுக்கு உடனே கூட்டிக்கொண்டு போனார். அவர் எங்களை இருத்தி, பிளேன்ரீ தந்து, நான் கொண்டுபோன நகலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு புரட்டினார்.

"இதைப் பிள்ளையளுக்கு நான் வாசிக்கிறன். ஆனா முதல்ல நான் முழுக்க வாசிச்சு முடிக்கோணும். இதை வச்சிட்டுப் போங்கோ."

வைத்துவிட்டு வந்தேன். தைப்பொங்கல் கழிந்து பாடசாலை தொடங்கியதும் திகதி சொல்வதாகச் சொன்னார். திருகோணமலையில் இருப்பவர்கள் யாராவது வந்து கேட்க விரும்பினால் எனக்கு எழுதுங்கள், இடமும் நேரமும் தெரிவிக்கிறேன்.